யார் டான்?

பட்டப்பேர் என்றால் எனக்கு உயிர். பள்ளிக்கூடத்தில் எங்கள் வகுப்பில் மூன்று சுப்பிரமணியன்கள். வாத்தியார் அட்டெண்டன்ஸ் எடுக்கும்போது மூன்று பேரும் ஒரே குரலில் 'உள்ளேன் ஐயா' என்பார்கள். ஒருத்தன் மட்டம் போட்டால் மற்ற இரண்டு பேரும் அவனுக்கும் சேர்த்துக் குரல் கொடுத்துவிடுவார்கள். வாத்தியார் பார்த்தார். நெட்டை சுப்பிரமணி, குட்டை சுப்பிரமணி, சோடாபுட்டி சுப்பிரமணி என்று நாங்கள் வைத்திருந்த பெயர்களையே ரிஜிஸ்தரில் பென்சிலால் குறித்துக்கொண்டார். பிரச்னை தீர்ந்தது.

இத்தாலியில் ஒரு கோர்ட்டுக்கும் இதே சங்கடம். ஆனால் அங்கே விஷயம் அட்டெண்டன்ஸ் இல்லை... கொலை!

நேப்பிள்ஸுக்கு வடக்கே கசெர்த்தா ஜில்லாவில் காசால் தி பிரின்சிபே என்று ஓர் ஊர். ஜனத்தொகை சுமார் இருபதாயிரம். எருமைப்பாலில் மொஸரெல்லா என்கிற சீஸ் செய்வதற்குப் பேர்போன வட்டாரம். இந்த ஊர்ப் பெயரை வைத்தே 'கசலேசி' என்று ஒரு கும்பல். சிசிலித் தீவுக்கு மாஃபியா மாதிரி நேப்பிள்ஸ் பக்கத்துக்குக் கமோரா. அந்தக் கமோராவிலேயே பெரிய கை இந்தக் கசலேசிகள்.

இவர்கள் மேல் ஒரு வழக்கு. 1998 ஜூலை 1-ம் தேதி விசாரணை ஆரம்பம். 2010 ஜனவரி 15-ம் தேதி கடைசித் தீர்ப்பு. குற்றவாளிகள் தரப்பில் நூறு பேருக்கு மேல்.

போன வாரம் ராத்திரி சாப்பாட்டு நேரத்தில் என் மனைவியிடம் இந்தக் கதையை ஆரம்பித்தேன்.

"பதினொன்றரை வருஷமா? நம்ம ஊர் வக்கீல் யாராவது போயிருந்தாங்களா?" என்றாள், ரசம் ஊற்றிக்கொண்டே.

"குறுக்கே பேசாதே. முதல் குற்றவாளி பேர் பிரான்செஸ்கோ ஸ்கியவோனே. அவருடைய ஒன்றுவிட்ட சகோதரர் பேரும் பிரான்செஸ்கோ ஸ்கியவோனே. அவர்களுக்குச் சமமான இன்னொரு தலை, பிரான்செஸ்கோ பிடோன்யெத்தி."

"மூணு சுப்பிரமணி!"

அதேதான். ஆகவே பட்டப்பேர் இல்லாமல் வழக்கையே நடத்த முடியாது. பிடோன்யெத்திக்குப் பேர் 'நடுராத்திரிக் குண்டன்'. அன்டோனியோ யோவினே என்று ஒருத்தர். பால்வடியும் முகம் என்பதால் 'பாப்பா'. மிக்கேலே ஸகாரியா என்று இன்னொருத்தர், 'கோணத்தலை'. எல்லாருக்கும் மேலே இருந்த முதல் பிரான்செஸ்கோவுக்குப் பேர்... சாண்டோகன்!

இங்கேதான் நம் நாட்டுக்கும் ஒரு பங்கு வருகிறது. சாண்டோகன் என்பது சல்காரி என்கிற இத்தாலிய எழுத்தாளர் படைத்த கடற்கொள்ளைக்காரன். வெள்ளைக்காரனை எதிர்க்கிற 'மலேயாப் புலி'. (சல்காரி மலேயாவைக் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. எழுத்தாளர்களுக்கு அது ஒரு சௌகரியம்.) 1976-ல் இதை இத்தாலி டி.வி.யில் தொடராக எடுத்தார்கள். சாண்டோகனாக நடித்தவர் கபீர் பேடி!

"நம்ம கபீர் பேடியா?" மனைவி நிமிர்ந்தாள்.

"அவரேதான். தமிழ்ல 'அரவான்' படத்துல ராஜாவா வந்தாரே, அவரே. இத்தாலி முழுக்கப் பைத்தியமாத் திரிஞ்சிருக்காங்க. ஸ்கியவோனேக்கும் அதே மாதிரி கறுகறுன்னு தாடி. ஒட்டிக்கிச்சு."

எனக்கு உற்சாகம் பிடித்துக்கொண்டது. சாண்டோகனின் சகோதரர் வால்ட்டருக்கும் சினிமாப் பித்து. அல் பாசினோ கொகெய்ன் ராஜாவாக நடித்த 'ஸ்கார்ஃபேஸ்' பட காஸெட்டைக் கட்டட நிபுணர் கையில் கொடுத்து, அந்தப் பங்களாவை அப்படியே எனக்குக் கட்டிக் கொடு என்றாராம். ரொபெர்த்தோ சவியானோ என்கிற எழுத்தாளர் சொல்கிறார். அந்தப் படத்தில் ஹீரோ அதே பங்களாவில்தான் சல்லடையாகத் துளைக்கப்பட்டுச் சாகிறான். கடைசி ரீலைப் பார்க்காமலே காஸெட்டைக் கொடுத்துவிட்டார் போலிருக்கிறது.

*

இவர்களுக்குத் தொழில் என்ன? கடை கடையாக மாமூல் வசூலிப்பதெல்லாம் சில்லறை. பெரிய பணம் சிமெண்டிலும் மண்ணிலும் வந்தது. 1980 நவம்பரில் தென் இத்தாலியில் பெரிய பூகம்பம். இடிந்ததைக் கட்ட அரசாங்கம் பணத்தைக் கொட்டியது. கொட்டிய இடத்தில் இவர்கள் குடத்தோடு நின்றார்கள். கான்ட்ராக்ட், மணல், கான்கிரீட், பஞ்சாயத்து, தேர்தல்... எதைத் தொட்டாலும் இவர்கள் கை. அப்புறம் ஒரு கொடுமையான வியாபாரம். வடக்கே தொழிற்சாலைகள் கழித்துப்போடும் விஷக் குப்பையைக் குறைந்த கட்டணத்துக்கு வாங்கி, சொந்த ஊர் மண்ணிலேயே புதைப்பது. விவசாய பூமி அது.

கும்பலை ஆரம்பித்து வைத்தவர் அன்டோனியோ பர்தெல்லினோ. அவர் 1988-ல் பிரேசிலில் கொல்லப்பட்டார் என்றார்கள். உடல் மட்டும் கிடைக்கவே இல்லை. அதற்குப் பிறகு நாற்காலிக்குச் சண்டை. சண்டையில் தெருவெல்லாம் பிணம்.

1993-ல் ஓர் அதிசயம். சாண்டோகனின் இன்னொரு ஒன்றுவிட்ட சகோதரர் கார்மினே ஸ்கியவோனே அப்ரூவராக மாறினார். கும்பலின் கணக்கு வழக்கெல்லாம் அவர் கையில் இருந்தது. கணக்குப்பிள்ளை வாயைத் திறந்தால் எந்தக் கம்பெனி தாங்கும்? 1995-ல் போலீஸ் ஊரை வளைத்தது. கொத்துக் கொத்தாகக் கைது.

வழக்குக்கு 'ஸ்பார்ட்டகஸ்' என்று பெயர் வைத்தார்கள். காரணம் இருக்கிறது. விசாரணை நடந்த ஊர் சாந்தா மரியா காப்புவா வெத்தெரே. பழைய ரோமாபுரிக் காலத்து காப்புவா அங்கேதான் இருந்தது. கி.மு. 73-ல் அடிமை மல்லன் ஸ்பார்ட்டகஸ், காப்புவாவில் இருந்த பயிற்சிக்கூடத்தை உடைத்துக்கொண்டு கிளம்பித்தான் ரோமையே நடுங்க வைத்தான். பயத்திலிருந்து வெளியே வருகிற கதைக்கு அந்த மண்ணில் அதைவிடப் பொருத்தமான பேர் கிடைக்காது.

வேடிக்கை என்னவென்றால், வழக்கு ஆரம்பித்தபோது முதல் குற்றவாளியே கைக்கு அகப்படவில்லை! பத்து நாள் கழித்து, ஜூலை 11-ம் தேதி பிடித்தார்கள். எங்கே? காசால் தி பிரின்சிபேயில், சொந்த வீட்டில். சுவருக்குப் பின்னால் ரகசிய அறை கட்டி, உள்ளே குடித்தனம். பாப்பா 2010-ல் பிடிபட்டது அதே ஊரில். கோணத்தலை 2011-ல் பிடிபட்டது பக்கத்துக் கசபெசென்னாவில், அவர் சொந்த ஊரில், தரைக்குக் கீழே கான்கிரீட் குகையில். பதினாலு வருஷமும் பதினாறு வருஷமும் 'தலைமறைவு'. அதாவது ஊருக்குத் தெரியும், போலீஸுக்குத் தெரியாது. அந்த மாதிரி ஊரில் சாட்சி தேடுவதை யோசித்துப் பாருங்கள்.

*

"அதுக்காக இத்தனை வருஷமா?" என்றாள் மனைவி.

நானும் அப்படித்தான் நினைத்தேன். விசாரித்துப் பார்த்தால் நியாயம் இருக்கிறது. இத்தாலியச் சட்டத்தில் அப்ரூவர் சொல்வதை மட்டும் வைத்து ஒருத்தனை உள்ளே தள்ள முடியாது. அவன் சொன்னதை உறுதிப்படுத்த வேறு ஆதாரம் வேண்டும். கூட இருந்தவன் காட்டிக்கொடுக்கிறான் என்றால், பழைய பகையிலும் சொல்லலாம், தண்டனை குறையும் என்கிற ஆசையிலும் சொல்லலாம் அல்லவா? ஆகவே ஒவ்வொரு கொலையையும் தனித்தனியாக எடுத்து, எந்தத் தெரு, எந்த வண்டி, யார் ஓட்டியது, யார் சுட்டது என்று முதலிலிருந்து கேட்க வேண்டும். பத்து வருஷத்துக்கு மேல் நடந்த கொலைகள். குற்றவாளிகள் நூறு பேர் என்றால் வக்கீல்களை எண்ணிக்கொள்ளுங்கள்.

கேட்பவர்கள் யார் என்பது இன்னும் முக்கியம். கொலை வழக்கை விசாரிக்கும் அந்தக் கோர்ட்டுக்கு 'அஸ்ஸீஸே' என்று பேர். தொழில்முறை நீதிபதிகள் இரண்டே பேர். மற்ற ஆறு பேர் அந்த வட்டாரத்து ஜனங்கள். தேசியக் கொடியின் மூன்று வர்ணத்தில் ஒரு பட்டையை மார்பின் குறுக்கே போட்டுக்கொண்டு நீதிபதிகளுக்குச் சமமாக உட்கார வேண்டும், சமமாக ஓட்டுப் போட வேண்டும். சாயங்காலம் வீட்டுக்குப் போக வேண்டும். மறுநாள் காய்கறி வாங்கப் போக வேண்டும். அந்தப் பக்கம் கூண்டில் யார்? தன் ஊரையே வாய்மூட வைத்தவர்கள்.

2005 செப்டம்பர் 15-ம் தேதி முதல் தீர்ப்பு. ஏழு வருஷம் இரண்டரை மாசம். அப்புறம் அப்பீல், 2008 ஜூன் 19. சாண்டோகன், நடுராத்திரிக் குண்டன், பாப்பா, கோணத்தலை உள்பட பதினாறு பேருக்கு ஆயுள் உறுதி. ஆயுள் என்றால் ஆயுள்தான். 2010-ல் உச்ச நீதிமன்றம் மூடி முத்திரை வைத்தது.

இதில் சவியானோவுக்கு ஒரு வருத்தம். 1986-ல் சிசிலியில், பலெர்மோவில், மாஃபியாக்காரர்கள் நானூற்றைம்பது பேருக்கு மேல் குற்றம்சாட்டப்பட்ட வழக்கை உலகமே பார்த்தது. இதை இத்தாலிப் பத்திரிகைகளே பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. தினம் தினம் கொலைக்கணக்கு வாசிக்கப்பட்டது. கேட்க ஆளில்லை. கும்பலுக்கு அது ரொம்பச் சௌகரியம். 2006-ல் சவியானோ 'கொமோரா' என்று புத்தகம் போட்டார். லட்சக்கணக்கில் விற்றது. இருபத்தேழு வயசுப் பையன். அந்த அக்டோபரிலிருந்து போலீஸ் காவலோடுதான் வாழ்க்கை.

அப்பீல் நடந்துகொண்டிருந்த 2008 மார்ச்சில் ஒருநாள் நேப்பிள்ஸ் கோர்ட்டில் ஒரு வக்கீல் எழுந்து ஒரு மனுவை வாசித்தார். பிடோன்யெத்தி, யோவினே பேரில் எழுதியது. சவியானோவும், ரொஸாரியா கபாக்கியோனே என்கிற பெண் நிருபரும் எழுதுகிற எழுத்து நீதிபதிகள் மனசைக் கெடுக்கிறதாம். வழக்கை வேறிடத்துக்கு மாற்ற வேண்டுமாம். திறந்த கோர்ட்டில் பேர் சொல்லி வாசித்தார்கள். அந்த ஊர் பாஷையில் அதற்கு என்ன அர்த்தம் என்று எல்லாருக்கும் புரிந்தது. கபாக்கியோனேக்கும் போலீஸ் காவல் வந்தது.

அது மிரட்டல்தானா என்று தனியாக ஒரு வழக்கு. 2021-ல் ஒரு தீர்ப்பு. அப்பீல் தீர்ப்பு 2025 ஜூலையில். பிடோன்யெத்திக்கும் வக்கீலுக்கும் தண்டனை உறுதி. அதாவது, வழக்குக்கு நடுவே வாசித்த ஒரு கடிதாசு மேல் போட்ட கேஸ், அந்த வழக்கையே தோற்கடித்துப் பதினேழு வருஷம் ஓடியது! சிரித்துக்கொண்டேதான் படித்தேன். அடுத்த வரியில் நின்றுவிட்டேன். தீர்ப்பைக் கேட்டதும் சவியானோ கோர்ட்டிலேயே அழுதுவிட்டார். இருபத்தேழு வயசில் காவலுக்குள் போனவருக்கு அன்றைக்கு நாற்பத்தைந்து.

*

நான் இதையெல்லாம் சொல்லி முடித்தபோது மோர்சாதம் முடிந்திருந்தது. மனைவி தட்டை எடுத்துக்கொண்டே கேட்டாள்.

"ஏங்க, நடுவுல ஒரு பாதிரியாரைச் சர்ச்சுக்குள்ளேயே சுட்டாங்கன்னு ஆரம்பிச்சீங்களே... அவர் பேரென்ன?"

திருதிருவென்று முழித்தேன். உண்மையாகவே ஞாபகம் இல்லை. காலையில்தான் படித்தேன். சாண்டோகன் ஞாபகம் இருக்கிறது. குண்டன், பாப்பா, கோணத்தலை, வரிசையாக வருகிறது. வால்ட்டர் கொடுத்த காஸெட் வரைக்கும் ஞாபகம். செத்தவர் பேர் வரவில்லை.

"சுட்டவங்க பேரெல்லாம் ஒப்பிக்கிறீங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். குழாய்ச் சத்தம் கேட்டது.

எழுந்து போய் மறுபடி எடுத்துப் பார்த்தேன். ஜுஸெப்பே டியானா. காசால் தி பிரின்சிபேக்காரர். அந்த ஊரிலேயே பிறந்து, அந்த ஊர்ச் சர்ச்சுக்கே பாதிரியாராக வந்தவர். 1991 கிறிஸ்துமஸுக்கு அக்கம்பக்கத்துப் பாதிரிமார்களோடு சேர்ந்து ஒரு கடிதம் எழுதினார். என் ஜனங்கள் மேல் இருக்கிற பிரியத்தால் நான் வாயை மூடிக்கொண்டிருக்க மாட்டேன் என்பது அதன் தலைப்புக்கு அர்த்தம். கமோரா என்பது பயத்தைப் பரப்புகிற தீவிரவாதம் என்று பச்சையாக எழுதி, சர்ச்சுகளில் எல்லார் கையிலும் கொடுத்தார்கள். 1991-ல்! வழக்கு இல்லை, அப்ரூவர் இல்லை, புத்தகம் இல்லை. எழுதியவர்களுக்குப் போலீஸ் காவலும் இல்லை.

1994 மார்ச் 19. புனித சூசையப்பர் திருநாள். ஜுஸெப்பே என்றால் சூசை. ஆகவே அவருக்கு நாமத் திருநாளும்கூட. காலை ஏழரை மணி வாக்கில் பூசைக்குத் தயாராகிக்கொண்டிருந்தார். ஒருத்தன் உள்ளே வந்து சுட்டான். முப்பத்தைந்து வயசு.

ஏவிவிட்டது சாண்டோகன் கோஷ்டி இல்லை. அதே கும்பலிலிருந்து முறைத்துக்கொண்டு பிரிந்த எதிர்கோஷ்டி. அது தனி வழக்கு. ஏவியவனுக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. ஆனால் அதற்குள் செத்தவர் மேலேயே சேற்றை வாரி இறைத்தார்கள். அவரே கமோரா ஆள் என்று உள்ளூர்ப் பத்திரிகை ஒன்று தலைப்புப் போட்டது. அவர் எதிர்த்ததற்காகத்தான் கொல்லப்பட்டார் என்பதை நிலைநாட்டவும் ஒரு கோர்ட் தேவைப்பட்டது.

அப்போதுதான் எனக்கு உறைத்தது, கோர்ட் ஏன் அத்தனை வருஷம் உட்கார்ந்திருந்தது என்று. பட்டப்பேர் சொன்னால் கதை ஐந்து நிமிஷத்தில் முடிந்துவிடும். ரசமும் முடியாது. செத்தவன் ஒவ்வொருத்தனுக்கும் அவன் அப்பா அம்மா வைத்த பேரைச் சொல்லி, அவன் எந்தத் தெருவில் எப்படி விழுந்தான் என்று கேட்டு எழுதிக்கொள்வதற்கு ஏழு வருஷம் ஆகும். சினிமாவில் அந்த ஏழு வருஷத்தை வெட்டிவிடுவார்கள். நானும் சாப்பாட்டு மேஜையில் அதைத்தான் செய்தேன்.

மற்றவர்கள் என்ன ஆனார்கள்? கணக்குப்பிள்ளை கார்மினே 2015-ல் இறந்துபோனார். விஷக் குப்பை பற்றி 1997-ல் அவர் பார்லிமெண்ட் கமிட்டியிடம் சொன்னதை 2013-ல்தான் ஜனங்களுக்குக் காட்டினார்கள். பதினாறு வருஷம் அலமாரியில் இருந்தது. அந்த மண்ணில் விளைந்ததைத் தின்றவர்களுக்கு அது யார் போட்ட தண்டனை? யோவினே 2014-ல் அப்ரூவரானார். சாண்டோகனே 2024 மார்ச்சில், இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் உள்ளே இருந்த பிறகு, நானும் பேசுகிறேன் என்றார். சில மாதம் கேட்டுப் பார்த்தார்கள். பிரயோஜனமாக ஒன்றும் தேறவில்லை என்று ஏற்பாட்டை நிறுத்திவிட்டார்கள். ஒரு காலத்தில் அவர் வாய் திறந்தால் ஊர் நடுங்கியது. இப்போது அவரே திறந்தும், கேட்பதற்கு அதில் சரக்கு இல்லை.

காசால் தி பிரின்சிபேயில் கும்பலிடமிருந்து ஜப்தி செய்த பங்களா ஒன்று இருக்கிறது. 2015-ல் அங்கே ஓவியக் கண்காட்சி நடந்தது. ஃபிளாரன்ஸ் நகரத்து உஃபீஸி மியூசியம் தன் படங்களையே அனுப்பி வைத்தது. போலீஸ் மட்டுமே வந்துபோன ஊருக்கு ஜனங்கள் படம் பார்க்க வந்தார்கள். அந்த வீட்டுக்கு இப்போது பாதிரியார் பேர்தான்.

மறுநாள் காப்பி கொண்டுவந்து வைத்தபோது மனைவியிடம் சொன்னேன். "அவர் பேர் ஜுஸெப்பே டியானா. ஊர்ல செல்லமா பெப்பேன்னு கூப்பிடுவாங்க. டான் பெப்பே."

"டானா? பாதிரியார்னுதானே சொன்னீங்க?"

இது எனக்கும் முந்தின ராத்திரிதான் தெரியும். நாம் சினிமா பார்த்துப் பார்த்து, டான் என்றால் கறுப்புக் கண்ணாடி, கோட்டு, சுருட்டு என்று வைத்திருக்கிறோம். இத்தாலியில் அது மரியாதைச் சொல். பாதிரியாரைக் கூப்பிடும்போது பேருக்கு முன்னால் போடுவது.

அந்த ஊரிலும் ஒரு டான் இருந்திருக்கிறார். வேறு யாரையோ அப்படி நினைத்துக்கொண்டிருந்தது நான்தான்.